மூன்று மணித்தியாலத் தூரம்

ஒரு நகரத்துக்கும் ஒரு தீவுக்கும் இடையிலுள்ள தூரம் யாது? அத்தூரத்தை ஆகாய விமானத்திற் கடக்க எத்தனை மணித்தியாலம் செல்லும்? பூமிசாஸ்திரப் பாடத்தில் இவை மிக எளிய வினாக்கள். தேசப்படத்தை விரித்து, அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் குறித்துக் கணக்கிட்டால் விடை வந்துவிடும். மொறீசியசின் தலைநகரான போட் லூயியிலிருந்து டியேகோ கார்சியாத் தீவு ஏறத்தாழ 2,150 கிலோமீற்றர். பயணிகள் விமானமொன்று ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து மூன்று மணித்தியாலத்தில் அங்கு சென்றடையலாம். கொழும்பிலிருந்து அதே தீவு சுமார் 1,800 கிலோமீற்றர், இரண்டரை மணித்தியாலம். இலண்டனிலிருந்து சுமார் 9,450 கிலோமீற்றர், பன்னிரண்டு மணித்தியாலம். இவ்விடைகளை எழுதும் மாணவனுக்கு நாம் முழுப் புள்ளியும் வழங்குவோம்.

கணக்குச் சரி. ஆனால் அந்த மூன்று மணித்தியாலப் பயணத்தை மேற்கொள்ள விரும்பும் ஒருவர் போட் லூயியில் எந்த விமானக் கம்பனியின் வாயிலில் நின்றாலும் பயணச்சீட்டு வாங்க முடியாது. ஓடுபாதை இல்லாத குறையா? இல்லை. 3,600 மீற்றருக்கு மேல் நீண்ட ஓடுபாதை அத்தீவில் இருக்கின்றது. உலகின் மிகப் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் அதிற் சர்வசாதாரணமாக ஏறி இறங்குகின்றன. ஆயினும் அத்தீவிலே பிறந்தவர், அத்தீவிலே தம் தாய் தந்தையரைப் புதைத்தவர், அங்கு தம் விருப்பப்படி சென்று இறங்கலாகாது.

தூரம் என்பது இயற்கை வகுத்தது, அதில் யாருக்கும் பகையுமில்லை உறவுமில்லை என்றே நாம் படித்திருக்கிறோம்; படிப்பித்தும் வருகிறோம். டியேகோ கார்சியாவின் கதை இந்தப் பாடத்தைப் பொய்யாக்குகிறது. மைல்களை இயற்கை வகுத்திருக்கலாம். அவற்றை யார் கடக்கலாம், யார் கடக்கலாகாது என்பதை வகுப்பது அதிகாரம். அதிகாரம் தான் வகுத்த தூரத்தைத் தானே சுட்டிக்காட்டி, ‘ஐயோ, அது வெகு தொலைவிலுள்ள தீவாயிற்றே!’ என்று கைவிரிக்கும்போது அந்தப் பொய்யை அம்பலப்படுத்துவது கற்றோர் கடமையாகும்.

டியேகோ கார்சியா, சாகோஸ் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் மொசாம்பிக்கிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் அடிமைகளைக் கொணர்ந்து இங்கு தென்னை பயிரிட்டனர். 1814இல் பாரிஸ் உடன்படிக்கையின்படி மொறீசியசும் அதனைச் சார்ந்த இத்தீவுகளும் பிரித்தானியரின் கைக்கு மாறின. அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். இவர்கள் கலந்து வாழ்ந்து ஒரு புதிய மக்களாயினர். தமக்கென ஒரு கிரியோல் பேச்சும், தேவாலயமும், பள்ளிக்கூடமும், இடுகாடும் கண்டனர். கொப்பறா உரித்தும் மீன்பிடித்தும் ஐந்தாறு தலைமுறைகள் அங்கு வாழ்ந்து மடிந்தன.

இம்மக்களின் தலையில் இடி விழுந்தமைக்கும் நமது நாட்டின் வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1957இல் பிரித்தானியா கட்டுநாயக்கா விமானத் தளத்தையும் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் விட்டு வெளியேற நேர்ந்தது. சுதந்திரம் பெற்ற ஒரு நாட்டு மக்கள், அந்நியப் படைகள் தம் மண்ணில் இருத்தலாகாது என்றனர், படைகள் போயின. ஏகாதிபத்தியம் இதிலிருந்து ஒரு பாடம் படித்தது. மக்கள் திரண்டு வாழும் இடத்தில் தளம் அமைத்தால் என்றோ ஒரு நாள் அம்மக்கள் வாய் திறப்பார்கள். ஆகவே வாய் திறக்க ஆளில்லாத தீவுகளைத் தேடவேண்டும். 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த ஸ்டுவேர்ட் பார்பர் என்பவர் இதனை ஒரு திட்டமாகவே வகுத்தார்: குடிசனம் குறைந்த, குடியேற்ற நாடுகளிலிருந்து முன்கூட்டியே பிரித்தெடுக்கத்தக்க சிறு தீவுகளைக் கைப்பற்றிக்கொள்வது என்பதே அத்திட்டம்.

அத்திட்டத்தின்படியே எல்லாம் நடந்தேறின. 1965 நவம்பர் 8ஆம் திகதி, மொறீசியசுக்குச் சுதந்திரம் வழங்கு முன்னரே, பிரித்தானியா சாகோஸ் தீவுகளை அதிலிருந்து வெட்டியெடுத்து ‘பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசம்’ எனப் பெயர் சூட்டியது. விலை முப்பது இலட்சம் பவுண். மொறீசியசைத் துண்டாடவேண்டாமென அடுத்த மாதமே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கேட்டுக்கொண்டது, கேட்பாரில்லை. 1966 டிசம்பர் 30ஆம் திகதி தீவுகள் ஐம்பது ஆண்டுகளுக்கு அமெரிக்காவின் உபயோகத்துக்கு விடப்பட்டன. வாடகைப் பணம் என்று எதுவுமில்லை. பொலாரிஸ் ஏவுகணை வியாபாரத்தில் 140 இலட்சம் டொலர் கழிவு பிரித்தானியாவுக்கு இரகசியமாகக் கிடைத்தது. இரு நாட்டுப் பாராளுமன்றங்களும் அதனை அறியாமற் பார்த்துக்கொண்டார்கள்.

இதே காலத்தில் அல்டாப்ரா என்னும் இன்னொரு தீவிலும் விமானத் தளம் அமைக்கும் யோசனை இருந்தது. அங்கு வாழும் பேராமைகளுக்கும் அரிய பறவைகளுக்கும் ஆபத்து நேருமென விஞ்ஞானிகள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். 1967இல் அந்த யோசனை கைவிடப்பட்டது. ஆமைகள் பிழைத்தன, நல்லதுதான். சாகோஸ் மக்களுக்காக எழுதவும் பேசவும் அன்று எவருமில்லை. கடற்பறவைகளைத் தவிர வேறு பூர்வீகக் குடிகள் அங்கு இருக்கப்போவதில்லை என்னும் கருத்துப்பட 1966இல் பிரித்தானிய அதிகாரி ஒருவர் எள்ளி எழுதிய குறிப்பு இன்று ஆவணமாக இருக்கின்றது.

1968இல், பெரோஸ் பான்ஹோஸ் தீவைச் சேர்ந்த ரீட்டா பான்கூல் என்னும் தாய், காலிற் காயமுற்ற தன் சின்ன மகளை வைத்தியத்துக்காகக் கப்பலேற்றி மொறீசியசுக்குக் கொண்டுவந்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஊர் திரும்பக் கப்பல் தேடிச் சென்றவளுக்குக் கிடைத்த பதில், ‘உன் தீவு விற்கப்பட்டுவிட்டது, இனிப் போகமுடியாது’ என்பதாகும். அவளைப் போல வைத்தியத்துக்கும் உறவினரைக் காணவும் வந்த பலருக்கும் அதே பதில். அன்றைக்குக் கடல் ஒரு கிலோமீற்றர்தானும் அகலவில்லை. முதல் நாள் நாட்கணக்கிற் சென்றடையக்கூடிய ஊர், மறுநாள் சென்றடையவே முடியாத ஊராயிற்று.

எஞ்சியோரைக் கிளப்புவதற்கு வேறு வழிகள் கையாளப்பட்டன. உணவும் மருந்தும் வரும் கப்பல்கள் குறைந்தன. 1971இல் டியேகோ கார்சியாவிலே தீவாரின் நாய்கள் கொட்டிலில் அடைக்கப்பட்டு, வாகனப் புகை செலுத்திக் கொல்லப்பட்டன. அதைக் கண்ட மக்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. 1973இன் நடுப்பகுதிக்குள் அத்தீவுக்கூட்டம் முழுவதும் வெறுமையாயிற்று. ஆயிரத்தைந்நூறு முதல் இரண்டாயிரம் வரையான மக்கள் மொறீசியசிலும் செய்செல்சிலும் கொண்டுபோய் இறக்கப்பட்டனர். போட் லூயியின் சேரிகளில் வேலையின்றி, வீடின்றி, பசியால் நலிந்தவர் பலர். 1982இல் நாற்பது இலட்சம் பவுண் நட்டஈடு வழங்கப்பட்டபோது, திரும்பும் உரிமையைக் கைவிடுவதாக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட படிவங்களில் எழுத்தறியாத பலர் பெருவிரல் அடையாளமிட்டனர்.

அதே தீவிலிருந்து 1991இல் ஈராக் மீது குண்டு வீச விமானங்கள் புறப்பட்டன. 2001இல் ஆப்கானிஸ்தான் மீதும், 2003இல் மறுபடியும் ஈராக் மீதும் புறப்பட்டன. 2002இல் இரகசியக் கைதிகளை ஏற்றிய இரு அமெரிக்க விமானங்கள் அங்கு இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன என்பதை 2008இல் பிரித்தானிய வெளிநாட்டமைச்சரே பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ரீட்டா பான்கூலுக்கு எட்டாத தீவு பக்தாத்துக்கு எட்டியது, காபூலுக்கு எட்டியது. குண்டுக்கு அருகிலும் தாய்க்குத் தொலைவிலும் இருக்கும் தீவை எந்தப் பூமிசாஸ்திரம் விளக்கும்?

இம்மக்கள் திரும்பிச் செல்லக் கேட்கும்போதெல்லாம் சொல்லப்பட்ட மறுமொழிகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது மறுமொழி, தூரம். 2016 நவம்பரில் பிரித்தானிய அரசு மீள்குடியேற்றத்தை மறுத்தபோது, பாதுகாப்பு நலனோடும் செலவோடும் சேர்த்து, தொலைவிலுள்ள சிறு குடியிருப்புக்கு வைத்தியம், கல்வி முதலியவற்றை வழங்குவதன் சிரமத்தையும் காட்டியது. சிரமந்தான். ஆனால் அச்சிரமம் வேறு தீவுகளில் எங்கே மறைந்தது? தெற்கு அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவிலே திரிஸ்தான் டா குன்ஹா என்னும் பிரித்தானியத் தீவு உண்டு. விமானத் தளமே இல்லாத தீவு. கேப்டவுனிலிருந்து கப்பலில் ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர். 1961இல் எரிமலை வெடித்தபோது அதன் மக்கள் யாவரும் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஊருக்குத் திரும்பவேண்டுமென அவர்கள் வாக்களித்தனர். 1963இல் அரசு அவர்களை அங்கே திரும்பக் குடியேற்றியது. அவர்கள் சில நூறு பேரே. எரிமலை குமுறிய தீவுக்குத் திரும்பலாம். தென்னை காய்த்து நிற்கும் தீவுக்குத் திரும்பலாகாது!

செயின்ற் ஹெலினாவைப் பாருங்கள். சுமார் 4,500 மக்கள் வாழும் அத்தீவின் தனிமையைப் போக்கவென 28 கோடி பவுணுக்கு மேல் செலவிட்டு ஒரு விமான நிலையம் கட்டினார்கள். 2017 ஒக்டோபரில் ஜொகானஸ்பேர்க்கிலிருந்து பயணிகள் விமான சேவை தொடங்கியது. கப்பலில் ஐந்தாறு நாள் சென்ற பயணம் சில மணித்தியாலமாகச் சுருங்கிற்று. அம்மக்கள் அடைந்த நன்மையை நாம் வரவேற்கிறோம். பணமும் மனமும் இருந்தால் தூரம் சுருங்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. டியேகோ கார்சியாவில் ஓடுபாதை கட்டும் செலவுகூட இல்லை. அது கட்டி முடிந்து பல்லாண்டுகளாயின.

போக்லாந்துத் தீவுகள் இலண்டனிலிருந்து 12,000 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளன. 1982இல் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,800 பேர். சாகோசிலிருந்து கலைக்கப்பட்டோரின் தொகையும் ஏறக்குறைய அதுவே. அந்த 1,800 பேரின் விருப்பத்துக்காகப் பிரித்தானியா ஒரு பெருங் கடற்படையை அனுப்பி யுத்தம் நடத்திற்று. மக்களின் விருப்பமே மேலானது என்று பாராளுமன்றத்தில் முழங்கினார்கள். சாகோஸ் மக்களுக்கு நாற்பது இலட்சம் பவுணும் ஒரு படிவமும் கொடுத்து அனுப்பியதும் அதே 1982இலேதான். போக்லாந்தார் வெள்ளையர், சாகோஸ் மக்கள் கறுப்பர். தூரத்தை அளக்கும் அளவுகோலில் நிறமும் ஒரு புள்ளியாகப் பொறிக்கப்பட்டிருந்தது என்று சொன்னால் கோபிப்பவர்கள், வேறு விளக்கம் இருந்தால் கூறட்டும்.

இரண்டாவது மறுமொழி, அவர்கள் பூர்வீகக் குடிகள் அல்லர், ஒப்பந்தக் கூலிகளே என்பது. இந்த வாதம் நமக்குப் புதிதன்று. மலைநாட்டுத் தோட்டங்களிலே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களின் குடியுரிமையை 1948இல் பறித்தபோதும், 1964இல் இரு பிரதமர்கள் கையெழுத்திட்டு ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரைக் கடல் கடத்தத் தீர்மானித்தபோதும் இதே வாதமே பேசியது. உழைக்க அழைக்கும்போது தூரம் பாராட்டாத முதலாளித்துவம், உரிமை கேட்கும்போது மட்டும் ‘நீ எங்கிருந்து வந்தாய்?’ என்று கேட்கும். இறந்தவர்களை ஐந்து தலைமுறையாக ஓரிடத்திற் புதைத்தவனுக்கு அவ்விடம் ஊராகாது என்றால், ஊர் என்னும் சொல்லுக்கு வேறு பொருள்தான் யாது?

மூன்றாவது மறுமொழி, கடல்வளப் பாதுகாப்பு. 2010இல் பிரித்தானியா அக்கடற்பரப்பு முழுவதையும் காப்பகமாகப் பிரகடனஞ் செய்தது. டியேகோ கார்சியாத் தளம் மட்டும் அதற்கு விலக்கு. இக்காப்பகம் மீள்குடியேற்றக் கோரிக்கைக்கும் முடிவு கட்டிவிடும் என்று பிரித்தானிய அதிகாரி ஒருவர் கூறியதாக 2009ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூதரகத் தந்தியொன்று பின்னர் வெளியாயிற்று. 2015இல் சர்வதேச நடுவர் மன்று இக்காப்பகம் அமைத்த முறை கடற்சட்டத்துக்கு முரணானது எனத் தீர்த்தது. தூண்டில் போடும் ஏழையால் அழியும் பவளப்பாறை, யுத்தக் கப்பல்கள் நங்கூரமிடுவதால் அழியாதாம்.

நான்காவது, இராணுவப் பாதுகாப்பு. தளம் டியேகோ கார்சியாவின் மேற்குக் கரையில் உள்ளது. பழைய தென்னந்தோட்டமும் தேவாலயமும் இடுகாடும் இருந்த கிழக்குக் கரை வெறுமையாகவே கிடக்கின்றது. மேலும், தளத்திற் சமைக்கவும் கூட்டவும் கட்டவும் பிலிப்பைன்சிலிருந்து ஒப்பந்த ஊழியர் வருவிக்கப்படுகின்றனர். ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வந்தவர்களால் ஆபத்தில்லை. அத்தீவிலே பிறந்தவனால் ஆபத்து. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1971இல், இந்து சமுத்திரம் சமாதானப் பிரதேசமாகவேண்டுமென்னும் பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் சபையில் முன்னின்று கொணர்ந்தது நமது நாடு. அந்தப் பிரகடனத்தை நம் மாணவர்கள் இன்று அறிவார்களா என்பது வேறு கேள்வி. சமுத்திரம் அதன் கரைகளில் வாழும் மக்களுக்குரியது என்ற அந்தக் கொள்கை இன்னும் காலாவதியாகிவிடவில்லை.

சட்டம் இம்மக்களை முற்றாகக் கைவிட்டதென்று கூறமாட்டோம். கைகொடுத்தும் கைவிட்டும் விளையாடியது எனலாம். 2000ஆம் ஆண்டு, ரீட்டாவின் மகன் ஒலிவியே பான்கூல் தொடுத்த வழக்கில், மக்களை வெளியேற்றிய 1971ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாதென இலண்டன் மேல்நீதிமன்று தீர்ப்பளித்தது. 2004இல் அரசு, பாராளுமன்றத்தை எட்டியும் பாராமல், அரசியின் பெயரால் ஓர் ஆணை பிறப்பித்து அத்தீர்ப்பின் பயனை அழித்தது. 2008இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் மூவர் அரசின் பக்கமும் இருவர் மக்களின் பக்கமும் நின்றனர். 2019 பெப்ரவரியில் சர்வதேச நீதிமன்று, சாகோசைப் பிரித்தெடுத்தமை சட்டத்துக்கு ஒவ்வாதது எனக் கருத்துரைத்தது, அதே ஆண்டு மே மாதத்தில் 116 நாடுகள் அதற்கு ஆதரவாகப் பொதுச்சபையில் வாக்களித்தன, எதிர்த்தவை ஆறே.

இதற்கிடையில் நம்மவர் கதையும் அத்தீவிற் சேர்ந்தது. 2021 ஒக்டோபரில், கனடாவை நோக்கிச் சென்ற ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலிற் பழுதுற்று, அதிலிருந்த 89 ஈழத்தமிழர் டியேகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மூன்றாண்டுக் காலம், குழந்தைகள் உட்பட, அவர்கள் வேலியிட்ட முகாமிற் கூடாரங்களில் அடைபட்டுக் கிடந்தனர். எலிகள் திரியும் அக்கூடாரங்களில் நம்பிக்கையிழந்து தம் உயிரை மாய்க்க முயன்றோரும் இருந்தனர். அகதிகள் பற்றிய சர்வதேச சமவாயம் அத்தீவுவரை எட்டாது என்றது பிரித்தானியா. கவனியுங்கள்: கொடி எட்டுகிறது, காவலாளி எட்டுகிறான், சட்டம் மட்டும் எட்டவில்லை. 2024 யூலையில் அவர்களின் வழக்கை விசாரிக்கவிருந்த பிரித்தானிய நீதிமன்றம் தீவுக்குச் செல்ல அமெரிக்கா அனுமதி மறுத்தது. பிரித்தானியாவின் நீதிபதி பிரித்தானியாவின் பிரதேசத்துக்குப் போகமுடியவில்லை! செப்ரெம்பரில்தான் விசாரணை அங்கு நடைபெற்றது. டிசம்பரில் அவர்களிற் பெரும்பாலோர் இலண்டனுக்கு விமானத்திற் கொண்டுவரப்பட்டனர். அவர்களைத் தடுத்துவைத்தமை சட்டவிரோதம் எனவும், அம்முகாம் பெயரளவிலன்றி மற்றெல்லாவகையிலும் சிறையே எனவும் நீதிமன்று அம்மாதத்திலேயே தீர்த்தது.

பிறந்தவர் நுழையமுடியாத தீவு. வந்து விழுந்தவர் வெளியேறமுடியாத தீவு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. உலகின் கண்ணுக்கு எட்டாத இடம் ஒன்று ஏகாதிபத்தியத்துக்குத் தேவை. அத்தகைய இடத்தைக் கடல் தானாகப் படைத்துக் கொடுப்பதில்லை. ஆட்களை அகற்றி, விமானங்களை நிறுத்தி, பத்திரிகையாளரைத் தடுத்து, அதைச் செய்துகொள்ளவேண்டியிருக்கிறது.

2025 மே 22ஆம் திகதி பிரித்தானியாவும் மொறீசியசும் ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டன. தீவுகளின் இறைமை மொறீசியசுக்குரியது என அவ்வொப்பந்தம் ஏற்றது. அதேசமயம் டியேகோ கார்சியாவைத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகளுக்குப் பிரித்தானியாவின் கையில் விட்டுவைக்கவும் அது உடன்பட்டது. மீள்குடியேற்றம் மற்றைய தீவுகளில் மட்டுமே ஆகலாம். டியேகோ கார்சியாவில் ஆகாது. பேச்சுவார்த்தை மேசையில் சாகோஸ் மக்களுக்கென ஓர் ஆசனம் போடப்படவில்லை. இதனை வெற்றியெனக் கொண்டாடும் முற்போக்கு நண்பர்களிடம் ஒன்று கேட்கவேண்டும்: குடியேற்றவாதத்துக்கு எதிரான போராட்டம் கொடியை மாற்றுவதோடு முடிந்துவிடுமா? 1971இல் வெளியேற்றப்பட்ட குழந்தை இன்று முதுமையின் வாயிலில் நிற்கிறது. தொண்ணூற்றொன்பது ஆண்டு என்பது அதற்கு என்ன தூரம்?

2002இல் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற சாகோஸ் மக்களிற் பலர் இங்கிலாந்திலே குரோலி என்னும் நகரிற் குடியேறினர். கற்விக் விமான நிலையம் அதன் அருகிலேயே உள்ளது. முதலில் வந்தவர்களிற் சிலர் அந்நிலையத்தின் தரையிலேயே இரவுகளைக் கழித்தனர். பின்னர் அங்கேயே தொழில் பெற்றோரும் பலர். உலகின் எத்தனையோ தீவுகளுக்கு அங்கிருந்து விமானங்கள் புறப்படுகின்றன. உல்லாசப் பயணிகளின் பெட்டிகளைத் தூக்கி ஏற்றும் அக்கைகளுக்குச் சொந்தத் தீவுக்கு ஒரு சீட்டு இல்லை. 2006 ஏப்ரலில் நூறு பேரளவினர் கப்பலேறிச் சென்று, தம் முன்னோரின் கல்லறைகளிற் படர்ந்த புல்லைச் செருக்கிவிட்டு, குறித்த நேரத்திற் திரும்ப ஏற்றப்பட்டனர். பின்னரும் சிறு சிறு குழுக்களுக்கு இத்தகைய அனுமதி கிடைத்ததுண்டு. தன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்வரும் உரிமை, உரிமையாகாது.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. சாகோஸ் மக்கள் எல்லாத் தீவுகளுக்கும், டியேகோ கார்சியா உட்பட, தாம் விரும்பின் திரும்பி வாழ உரிமையுடையர். அந்த ஓடுபாதை யாருடைய தலைவாசலின் மேல் போடப்பட்டதோ அவர்களை ஏற்றிய விமானம் அதில் முதலில் இறங்கவேண்டும். அவர்களின் நாளையைப் பற்றிய எந்த ஒப்பந்தமும் அவர்களின் வாக்கின்றிச் செல்லுபடியாகாது.

ஆசிரியர்களாகிய நமக்கு இன்னொரு வேலையும் உண்டு. போட் லூயியிலிருந்து டியேகோ கார்சியா எவ்வளவு தூரம் என்று வகுப்பிற் கேட்போம். மூன்று மணித்தியாலம் என்று விடை வரட்டும். அதற்குப் பின்னர் ‘யாருக்கு?’ என்னும் இரண்டாவது கேள்வியையும் கேட்போம். நம் மாணவர்கள் அதற்குரிய விடையையும் எழுதக் கற்றுக்கொள்ளட்டும்.